ஆப்பை அழித்த பிறகும் பணம் போகிறதா? ஆட்டோபே அனுமதிகளைச் சரிபார்ப்பது எப்படி

மாதம் பிறந்ததும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 149 ரூபாய் போயிருக்கிறது. எஸ்.எம்.எஸ்.ஸில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், மகனுடைய தேர்வு சமயத்தில் இறக்கிய படிப்பு ஆப். அதைத்தான் போனிலிருந்து எப்போதோ அழித்தாயிற்றே! அப்புறம் எப்படிப் பணம் போகிறது?

ஆப் உங்கள் போனில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் பிடிக்க நீங்கள் கொடுத்த அனுமதி வேறு ஓரிடத்தில் உயிரோடு இருக்கிறது. இந்த அனுமதிக்கு ‘மேண்டேட்’ என்று பெயர். யு.பி.ஐ.யில் இதையே ‘ஆட்டோபே’ என்கிறோம். சந்தா செலுத்த வேண்டிய தேதி வந்ததும் கடைக்காரருடைய கணினி தானாகவே வங்கியிடம் பணம் கேட்கும். அனுமதி இருப்பதால் வங்கி கொடுத்துவிடும். நடுவில் மனிதர் யாரும் கிடையாது. ஆப்பை நீங்கள் அழித்த விஷயம் இந்த இருவருக்குமே தெரியாது.

மாதம் 149 ரூபாய் பெரிய தொகையா என்று தோன்றலாம். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 1,788 ரூபாய். அப்படி மூன்று சந்தாக்கள் மறந்துகிடந்தால் 5,364 ரூபாய். ஓய்வூதியம் மட்டும் வரும் கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டோபே கெட்டதல்ல. காப்பீட்டு பிரீமியம் தேதி தவறாமல் போகிறது, மின் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஓட்டம் இல்லை, தினமும் வாங்கும் பாலுக்குச் சில்லறை தேட வேண்டாம். கொடுத்த அனுமதியை மறந்துபோவதில்தான் சிக்கல் வருகிறது.

அனுமதி கொடுக்கும் திரையில் என்ன பார்க்க வேண்டும்?

‘1 ரூபாய்க்கு 7 நாள் டிரையல்’ என்ற விளம்பரத்தைத் தொட்டால் யு.பி.ஐ. ஆப் திறக்கும். நம்மில் பலர் ‘1 ரூபாய்தானே’ என்று உடனே பின் நம்பரைப் போட்டுவிடுகிறோம். அந்தத் திரையில் இன்னும் சில வரிகள் இருக்கும். யாருக்குப் போகிறது, அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். ‘அதிகபட்சம்’ என்ற தொகை விளம்பரத்தில் சொன்னதைவிடப் பல மடங்கு இருக்கலாம். முடிவுத் தேதி இருபது, முப்பது வருடம் தள்ளிக்கூட இருக்கும். கால இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆஸ் பிரசென்டட்’ என்று இருந்தால், கடைக்காரர் கேட்கும்போதெல்லாம் என்று பொருள். அப்படி இருந்தால் பின் போடும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். நீங்கள் போடும் அந்த ஒரு பின், 1 ரூபாய்க்கு மட்டுமல்ல, இனி வரும் எல்லாத் தவணைக்கும் சேர்த்துத்தான்.

ஏனென்றால் விதி அப்படி. ரிசர்வ் வங்கியின் விதிகள்படி முதல் முறை மட்டும் பின் அல்லது ஓ.டி.பி. கட்டாயம். அதன் பிறகு ஒரு தவணை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்களிடம் மறுபடி கேட்காமலே பிடிக்கலாம். மியூச்சுவல் ஃபண்ட், காப்பீட்டு பிரீமியம், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கும் 2023 டிசம்பரிலிருந்து இந்த வரம்பு 1 லட்சம் ரூபாய்.

அதே விதிகள் நமக்குச் சாதகமாகவும் சிலவற்றைச் சொல்கின்றன. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அதில் கடைக்காரர் பெயர், தொகை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். அந்தத் தவணையை மட்டுமோ, மொத்த அனுமதியையுமோ வேண்டாம் என்று சொல்ல வழி இருக்க வேண்டும். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. (ஃபாஸ்டேக்கில் இருப்பு குறைந்தால் தானாக நிரப்பும் ஏற்பாட்டுக்கு 24 மணி நேர முன்தகவல் தேவையில்லை.) ஆக, ‘நாளை இவ்வளவு பிடிக்கப்படும்’ என்று வரும் செய்தியை விளம்பர எஸ்.எம்.எஸ். என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். நிறுத்த வேண்டும் என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சிலர் ‘ராத்திரி பத்து மணிக்குப் பணம் போயிருக்கே, திருட்டா?’ என்று பயப்படுகிறார்கள். நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பதற்காக 2025 ஆகஸ்ட் முதல் யு.பி.ஐ. ஆட்டோபே தொகைகள் காலை 10 மணிக்கு முன்போ, மதியம் 1 முதல் 5 மணிக்குள்ளோ, இரவு 9.30-க்குப் பிறகோதான் பிடிக்கப்படுகின்றன. நேரத்தை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், பெயரைப் பாருங்கள்.

எங்கே போய் நிறுத்துவது?

உங்கள் அனுமதி மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எந்த வழியில் முதல் பணம் கட்டினீர்களோ அங்கேதான் இருக்கும்.

யு.பி.ஐ. வழியாகக் கட்டியிருந்தால் அந்த யு.பி.ஐ. ஆப்பைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொடுங்கள். உள்ளே ‘ஆட்டோபே’ அல்லது ‘மேண்டேட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். நடப்பில் உள்ளவை, நிறுத்திவைத்தவை, முடிந்தவை என்று பட்டியல் வரும். வேண்டாததைத் தொட்டு ‘கேன்சல்’ அல்லது ‘ரிவோக்’ கொடுத்தால் பின் கேட்கும். இங்கே பின் போடுவது பணம் கட்ட அல்ல, ரத்து செய்ய, தயங்க வேண்டாம். கொஞ்ச நாளைக்கு மட்டும் வேண்டாம் என்றால் ‘பாஸ்’ கொடுக்கலாம். இரண்டு, மூன்று யு.பி.ஐ. ஆப் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். பட்டியலைப் பார்த்துப் பலருக்கு ஆச்சரியம்தான் வரும்.

டெபிட் அல்லது கிரெடிட் கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் யு.பி.ஐ. ஆப்பில் தேடிப் பயனில்லை. வங்கியின் மொபைல் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ கார்டு பகுதிக்குள் ‘இ-மேண்டேட்’ அல்லது ‘ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று இருக்கும். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குப் பேசி, ரத்து செய்யச் சொல்லி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா. பலர் கோட்டை விடுவது இதைத்தான். பட்டியலில் கடைக்காரரின் பெயருக்குப் பதில் கூகுள் பெயர் இருப்பதால் அடையாளம் தெரியாது. ப்ளே ஸ்டோரைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் & சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ உள்ளே ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போனால் எல்லாம் தெரியும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பாருங்கள். போனில் இரண்டு ஜிமெயில் கணக்கு இருந்தால் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

ரத்து செய்தவுடன் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் கையில் இருக்கும் சான்று அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அனுமதியை ரத்து செய்தால் பணம் போவதுதான் நிற்கும். கொடுக்க வேண்டிய பாக்கி நிற்காது. கடன் தவணையின் ஆட்டோபேயை நிறுத்தினால் கடன் அப்படியேதான் இருக்கும், அபராதமும் சிபில் மதிப்பெண் குறைவும் கூடவே வரும். காப்பீடு என்றால் பாலிசியே காலாவதி ஆகலாம். தினசரி பால், தண்ணீர் கேன் போன்றவற்றில் முதலில் அந்த ஆப்பிலேயே சந்தாவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பொருள் வந்துகொண்டே இருக்கும், கணக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். அதன் பிறகு அனுமதியை ரத்து செய்யுங்கள்.

கேன்சல் பட்டனே இல்லையென்றால்?

சேருவதற்கு ஒரே தொடுதல். விலகுவதற்கு ஏழு திரை, நாலு கேள்வி, கடைசியில் ‘கஸ்டமர் கேருக்குப் பேசுங்கள்’. இது தற்செயலாக நடப்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகள் தடை செய்யப்பட்டுள்ளன. அதில் ‘சப்ஸ்கிரிப்ஷன் டிராப்’, அதாவது சந்தாப் பொறி, ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பது, வேண்டுமென்றே சுற்றிவிடுவது, இலவசச் சேவைக்குக்கூட ஆட்டோபே அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். இப்படி மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். கடைக்காரர் விடாவிட்டாலும், மேலே சொன்ன இடத்தில் அனுமதியை நீங்களே ரத்து செய்துவிட முடியும். அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.

ரத்து செய்த பிறகும் பணம் பிடிக்கப்பட்டால் அது வங்கி சம்பந்தப்பட்ட புகார். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள். தாமதமானால் இழப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழக்கூடும். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியிலேயே புகார் செய்யலாம். கட்டணம் இல்லை.

இந்தப் பயத்தையே மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். ‘உங்கள் கணக்கிலிருந்து இன்று 4,999 ரூபாய் பிடிக்கப்படும், நிறுத்த இங்கே தொடவும்’ என்று வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். ஏ.பி.கே. ஃபைல் அனுப்பினால் திறக்காதீர்கள். ரத்து செய்வதற்காகத் திரையைப் பகிரச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்ணையும் நம்ப வேண்டாம். செய்தி உண்மையானால் அந்த அனுமதி உங்கள் யு.பி.ஐ. ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் போனைப் பார்த்துவிட்டு, வீட்டில் அப்பா, அம்மாவின் போனையும் வாங்கி அவர்கள் முன்னாலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின் நம்பரை அவர்களே போடட்டும்.