காகித அகப்பை

“சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்” என்பது நம் பழமொழி. சட்டியில் இருந்தும் அகப்பையில் வராமற்போன ஓர் இனத்தின் வரலாறு இது.

துருக்கியரின் உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர் என்னும் பழமையான கிறிஸ்தவ மக்கள் வாழ்ந்தனர். கிழக்கு மாகாணங்களில் இருந்தோருள் பெரும்பாலோர் உழவர். பேரரசு தளரத் தளர, கொள்ளையும் வரிக்கொடுமையும் அவர்களை வாட்டின.

1878-இல் துருக்கியை ரஷ்யா வென்றது. ஆர்மீனியர் பகுதிகளில் சீர்திருத்தம் செய்வதாகச் சான் ஸ்டெபானோ உடன்படிக்கையில் சுல்தானின் அரசு உறுதி கூறியது. ரஷ்யப் படை அங்கேயே நின்றதால் அவ்வுறுதிக்கு வலு இருந்தது. ரஷ்யாவின் செல்வாக்கு வளர்வதைப் பிரிட்டன் விரும்பவில்லை. அதே ஆண்டு பெர்லினில் வல்லரசுகள் கூடி உடன்படிக்கையைத் திருத்தின. 61-ஆம் பிரிவில் வாக்குறுதி நின்றது. படையோ எர்சுரூமை விட்டு வெளியேறியது. கண்காணிப்பது ஆறு வல்லரசுகளின் பொதுப்பொறுப்பு ஆயிற்று. பொதுப்பொறுப்பை எவரும் சுமக்கவில்லை.

பெர்லினுக்குத் தூது சென்ற க்ரிமியான் என்ற ஆயர் திரும்பிவந்து ஓர் உவமை கூறினார். அங்கே அண்டா நிறையக் கூழ் இருந்ததாம். பல்கேரியர் முதலானோர் இரும்பு அகப்பையால் தம் பங்கை முகந்துகொண்டனராம். அவர் கையிலிருந்த மனுவோ காகித அகப்பை. அது கூழிலேயே ஊறிப் போயிற்றாம்!

அவர் சொன்னது மெய்யாயிற்று. 1895 அக்டோபரில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது புதிய சீர்திருத்தத் திட்டத்தை ஏற்றார். அம்மாதமே ஊர் ஊராகப் படுகொலைகள் நடந்தன. 1914 பிப்ரவரியில் இரண்டு ஐரோப்பிய மேற்பார்வையாளர்களை நியமிக்க ஒப்பந்தமாயிற்று. அதற்குள் உலகப்போர் மூண்டது.

1915 ஏப்ரல் 24 அன்று தலைநகரில் ஆர்மீனிய அறிஞர்கள் கைது செய்யப்பட்டனர். பின்னர் பெண்களும் குழந்தைகளும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். மாண்டவர் பத்து லட்சத்துக்கும் அதிகம் என்பர் வரலாற்றாசிரியர் பலர். திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் சுல்தானுக்குக் கடிதம் எழுதினார், கொடுமை நிற்கவில்லை. 1923-இல் கையெழுத்தான லோசான் உடன்படிக்கையில் ஆர்மீனியா என்ற சொல்லே இல்லை.

ஆயினும் கொனியா நகரின் துருக்கிய ஆளுநர் ஜெலால் பே, மேலிடத்துக் கட்டளையை நிறைவேற்றாமல் தாமதித்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். அதற்காகப் பதவி இழந்தார்.

ஆறு வல்லரசுகளின் கையொப்பம் செய்யாததை ஒரு மனிதரின் மனச்சாட்சி செய்தது. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை இனப்படுகொலையைக் குற்றமென அறிவித்து உடன்படிக்கை கண்டது. அதுவும் காகிதமே. அன்புத் தோழியரே, அதை இரும்பாக்குவது அதைக் கையிலேந்தும் மனிதரின் நெஞ்சுரமே!