சாயத் தொட்டியிலும் வயலிலும் இரசாயன வேகம்

சாயம் நூலில் பற்றுவதும், உரம் மண்ணில் மாறுதலடைந்து பயிருக்கு உணவாவதும், மூடி திறந்த பீப்பாயில் சலவைத் தூள் வீரியம் இழப்பதும் இரசாயன மாற்றங்களே. இவற்றுள் சில விரைவாக நடைபெறவேண்டும். சில மெதுவாக நடைபெறவேண்டும். சில நடைபெறவே கூடாது. இவற்றின் வேகத்தை நிர்ணயிக்கும் காரணங்களுள் முக்கியமானவை உஷ்ணம், செறிவு, பரப்பு, ஊக்கி என்னும் நான்காகும். இவற்றை அறிந்து நடந்தால் நம் சங்கங்களுக்கும் அங்கத்தினர்களுக்கும் நேரும் நஷ்டங்கள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

உஷ்ணம்

பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதினால் மட்டும் மாற்றம் நிகழ்ந்துவிடாது. போதிய ஆற்றலுடன் மோதவேண்டும். உஷ்ணம் ஏறினால் அத்தகைய ஆற்றலுள்ள மூலக்கூறுகளின் தொகை பெருகுகிறது. 1889ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரீனியஸ் இதனை விளக்கினார். 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் பல மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. மார்கழி விடியலில் 20 டிகிரியில் நடக்கும் வேலை, சித்திரை நண்பகலில் 40 டிகிரியில் சுமார் நான்கு மடங்கு வேகமாக நடக்கும். பருவம் மாறும்போது ஒரே அளவும் ஒரே நேரமும் கையாண்டால் நிறம் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும் வேகம் எப்பொழுதும் இலாபமன்று. 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள், காரம் சேர்ந்ததும் பருத்தி நூலுடன் இரசாயன முறையில் பிணைகின்றன. அதே சமயம் அவை தண்ணீருடனும் சேர்ந்து வீணாகின்றன. ‘கோல்டு பிராண்டு’ எனப்படும் வகையைச் சீக்கிரம் முடிக்கக் கருதிச் சூடேற்றினால், தண்ணீருடன் சேரும் வேகமே மிகுதியாகப் பெருகும். அவ்வாறு வீணான சாயம் நூலைப் பற்றாது, மேலாக ஒட்டி நிற்கும். முதல் சலவையில் வெளியேறும். சேலை திரும்பி வந்தால் நஷ்டம் சங்கத்திற்கு. கெட்ட பெயர் நெய்தவருக்கு. ‘ஹாட் பிராண்டு’ வகைக்கோ நல்ல சூடு இன்றியமையாதது. ஆகவே சாயத்தின் வகையறிந்து சூடு வைக்கவேண்டும்.

செறிவு

குறைந்த தண்ணீரில் கூடிய சாயம் இருந்தால் அது நூலை எளிதில் அடையும். 10 கிலோ நூலுக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டபின், அளவின்றி மேலும் ஊற்றினால் சாயம் தண்ணீரிலேயே தங்கிவிடும். உப்புச் சேர்ப்பதும் சாயத்தை நூலின்பால் செலுத்துவதற்கே. முதலில் உப்பு, சாயம் நூலில் ஏறியபின் சலவைச் சோடா என்னும் முறையை மாற்றலாகாது.

பரப்பு

கட்டியாக உள்ள பொருளைவிடத் தூளாக உள்ளது விரைவில் மாறும். புளிப்பு மண்ணுக்கு இடும் சுண்ணாம்புக் கல்லை நன்றாகப் பொடித்து இடுவது இதனாலேயே. சிட்டத்தை இறுகக் கட்டிச் சாயத்தில் இட்டால் கட்டின் உட்புறம் வெளுத்து நிற்பதற்கும், கரைசல் படும் பரப்புக் குறைந்ததே காரணம்.

ஊக்கி

தான் செலவாகாமல் மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள் ஊக்கி. மண்ணில் இடும் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவது யூரியேஸ் என்னும் உயிர் ஊக்கி. இதனை வாளவரை இனத்து விதையிலிருந்து 1926ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சம்னர் பளிங்கு வடிவில் பிரித்தெடுத்தார். வெப்பமான ஈர மண்ணின் மேல் யூரியாவைத் தூவி விட்டுவிட்டால், அம்மோனியா காற்றோடு போய்விடும். மண்ணுக்குள் சேர்த்துவிடுவதே நலம். அடுத்து அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். அந்த வேகத்தை வேப்பெண்ணெய் தணிக்கிறது. உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு 2015ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது.

வேண்டாத ஊக்கியும் உண்டு. சலவைத் தூள் கரைசலில் இரும்புத் துரு கலந்தால், துரு பட்ட இடத்தில் நூல் விரைவில் நைந்து ஓட்டை விழும். துருப்பிடித்த பாத்திரத்தில் வெளுப்பு வேலை செய்யலாகாது.

கிடங்கில் கவனம்

கையிருப்புப் பதிவேடு எடையைக் காட்டும், வீரியத்தைக் காட்டாது. வெயிலும் ஈரமும் பட்ட சலவைத் தூள் எடையில் சரியாக இருக்கும், வேலையில் பொய்க்கும். வாட் சாயத்திற்குப் பயன்படும் ஹைட்ரோஸ் இன்னும் அபாயமானது. ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆதலின் சங்க நிர்வாகிகள் கவனிக்கவேண்டியவை:

1. இவற்றைச் சிறிய அளவில் வாங்கி, முதலில் வந்ததை முதலில் வழங்குக.

2. காற்றோட்டமுள்ள, உலர்ந்த, குளிர்ந்த அறையில் இறுக மூடி வைக்க.

3. ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர். ஹைட்ரோஸைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடுக. அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்.

4. சாயப்பட்டறையில் வெப்பமானியும் கடிகாரமும் வைத்து, ஒவ்வொரு தொட்டிக்கும் உஷ்ணத்தையும் நேரத்தையும் குறித்து வருக.

ஒரு வெப்பமானியின் விலை, கெட்டுப்போகும் ஒரு தொட்டி நூலின் விலைக்கு முன் மிக அற்பம். கைப்பழக்கத்தோடு அளவும் சேர்ந்தால், அங்கத்தினர்களின் உழைப்பு சாக்கடை நீரோடு கரைந்து போகாமல் கூலியாகவும் இலாபப் பங்காகவும் அவர்கள் வீடு வந்து சேரும்.