விலை குறைவுதான்… ஆனால் இன்ஜின் நின்றுபோகிறதே!

கிள்ளானில் கேட்டரிங் தொழில் செய்கிறார் என் மைத்துனர். கல்யாணச் சாப்பாடு, கோயில் அன்னதானம் என்று ஆர்டர்கள் கூடிக்கொண்டே போக, பழைய வேன் போதவில்லை. டீசல் பிக்-அப் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு பழைய வாகனங்கள் விற்கும் கடைக்குப் போனார்.

பெயிண்ட் பளபளத்தது. டயர்கள் புதியவை. விலையோ, அதே ஆண்டு வண்டிகளுக்கு மற்ற கடைகளில் சொன்னதைவிடப் பல ஆயிரம் ரிங்கிட் குறைவு. காரணம் கேட்டபோது விற்பனையாளர் சாதாரணமாகச் சொன்னார்: “ஓடிக்கிட்டிருக்கும்போது சில நேரம் இன்ஜின் நின்னுடும் பாஸ். திரும்ப ஸ்டார்ட் பண்ணா ஓடும். சென்சராத்தான் இருக்கும், சின்ன வேலை.”

மைத்துனர் முன்பணம் கட்டத் தயாராகிவிட்டார். “இருங்க மச்சான், நம்ம பட்டறைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்” என்று நான் போன் போட்டேன். அவர் விலையைக் கேட்கவில்லை, மாடலையும் கேட்கவில்லை. “எப்போ நிக்குது?” என்றுதான் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. விற்பவருக்கும் தெரியவில்லை.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

இன்ஜின் நிற்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சலை வைத்து மட்டும் நோயைச் சொல்ல முடியாது. எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முதல் துப்பு.

மேடு ஏறும்போதோ வேகம் எடுக்கும்போதோ நின்றால், டீசல் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். பில்டர் அடைத்திருக்கலாம், தொட்டியில் கசடோ தண்ணீரோ இருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். நம் நாட்டில் வாகன டீசலில் பாமாயில் டீசலும் கலக்கப்படுகிறது. இது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகம் ஈர்க்கும். கடையில் மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் தொட்டியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது அணைந்தால், டீசல் பம்ப்பிலுள்ள கட்டுப்பாட்டு வால்வோ, கரி படிந்த இ.ஜி.ஆர். வால்வோ காரணமாக இருக்கலாம். அரை மணி நேரம் ஓடி, சூடான பிறகு நின்று, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனால், கிராங்க் சென்சரைச் சந்தேகிப்பார்கள். பள்ளத்தில் குலுங்கும்போது நின்றால் பேட்டரி முனையையும் வயர்களையும் பார்ப்பார்கள்.

இவற்றில் பல சின்ன வேலைகள்தாம். ஆனால் உயரழுத்த பம்ப் உள்ளே தேய்ந்து, இரும்புத்தூள் இன்ஜெக்டர்கள்வரை போயிருந்தால் கதை வேறு. பம்ப், இன்ஜெக்டர்கள், குழாய்கள் என்று பட்டியல் நீளும். தள்ளுபடியாகக் கிடைத்த பணம் முழுவதும் பட்டறைக்கே போய்விடலாம்.

பணத்தைவிடப் பெரிய விஷயம்

ஓடும் வண்டியில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி, ஓரிரு முறை மிதிப்பதற்குள் தீர்ந்துவிடும். காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில், பின்னால் லோரி வர, பின் இருக்கையில் பிள்ளைகளோடு அப்படி ஆனால் என்ன செய்வது? பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்து, அபாய விளக்கைப் போட்டு, இடப்பக்க அவசரத் தடத்துக்கு ஒதுங்க வேண்டும். அதுவரை சாவியைக் கழற்றக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

பார்க்கப் போகும்போது

“நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்னதாகவே ஓட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஐந்து நிமிட ஓட்டம் போதாது. ஏர்-கோன் போட்டு, மேடு பள்ளம் பார்த்து, நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள். பிறகு கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி வையுங்கள்.

ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்யுங்கள். பழைய பிழைக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால், பல வண்டிகளில் நல்ல பட்டறைக்காரர் அதையும் கண்டுபிடித்துவிடுவார். டீசல் பில்டரிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தேங்கி நிற்கும்.

“பி5 பரிசோதனை பாஸ் ஆகும்” என்பதை நம்பி முடிவு செய்யாதீர்கள். அது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனை. எப்போதாவது நின்றுபோகும் இன்ஜினைக் கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, வியாபாரி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட்வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் குறையை முன்கூட்டியே உங்களிடம் குறிப்பிட்டுச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு புகார் செய்ய வழியிருக்காது. “சில நேரம் நின்னுடும் பாஸ்” என்ற அந்த ஒரு வரியின் விலை அவ்வளவு! தனிநபரிடம் வாங்கினாலோ இந்தப் பாதுகாப்பே கிடையாது.

கணக்கு இதுதான்

காரணம் தெரிந்து, பழுதுபார்க்கும் செலவு எழுத்தில் கைக்கு வந்து, அதற்கு மேலும் விலை குறைகிறதா? வாங்கலாம். காரணம் தெரியவில்லையா? மிகப் பெரிய செலவு வரும் என்றே கணக்குப் போடுங்கள். வண்டி பட்டறையில் கிடந்தாலும் வங்கித் தவணை மாதம் தவறாமல் வரும். பிடித்த ஆர்டருக்கு வாடகை வண்டியும் தேட வேண்டும்.

அன்று நாங்கள் கேட்டது ஒன்றுதான்: அரை நாள் எங்கள் பட்டறையில் வைத்துப் பார்க்க அனுமதி. “அதெல்லாம் முடியாது பாஸ், வேற ஆளும் கேட்டிருக்காங்க” என்றார் விற்பனையாளர். திரும்பிவிட்டோம்.

வழியெல்லாம் மைத்துனர் பேசவில்லை. வீடு நெருங்கும்போது மெல்லச் சொன்னார்: “சின்ன வேலைன்னா அவரே செஞ்சு முழு விலைக்கு வித்திருப்பாரே, மச்சான்.”