221 போனால் 240 வரும்

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளுக்கான பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே சந்தேகம்: சந்திரயான்-3ஐ பைலாலுவிலிருந்து ‘கண்காணித்தார்கள்’ என்றால், அத்தனை பெரிய தொலைநோக்கியா அது?

தொலைநோக்கியே இல்லை. பெங்களூருவை அடுத்த பைலாலுவில் இருப்பது 32 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ ஆன்டெனா. அதிகாரிகள் ‘கண்காணிக்கிறோம்’ என்றால், கணக்குப் போடுகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்குதான் சாமர்த்தியம். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அலைவெண் மாறித் தெரியும் டாப்ளர் விளைவு பிளஸ் டூவில் படித்ததுதான், விட்டுவிடுவோம். விண்கலத்தின் வேகம் தெரிய, அதன் அலைவெண் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிய வேண்டும். ஆனால் வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி அடிபடும் கலத்தின் சொந்த அலைவெண்ணே நிலையாக நிற்காது. எனவே அளவெடுக்கும்போது அதைச் சொந்தமாகப் பேச விடுவதில்லை. தரையிலிருந்து அணுக்கடிகாரத் துல்லியத்தில் ஓர் அலை போகும். கலத்தின் டிரான்ஸ்பாண்டர் அதைப் பிடித்து, உள்ளே வந்த 221 சுழற்சிக்கு 240 சுழற்சி என்ற கணக்கில் திருப்பி அனுப்பும். இந்தத் தொடர்புக்குப் பயன்படும் ‘எஸ் பேண்டு’ அலைவரிசையில் பல நாடுகளுக்கும் பொதுவான விகிதம் இது. போகும் அலையும் வரும் அலையும் குழம்பாது. கடிகாரமும் தரையிலேயே இருந்துவிடுகிறது. நிலவு வரை போய்வர சுமார் இரண்டரை நொடி. வந்த அலையில் 15 ஹெர்ட்ஸ் மாறியிருந்தால், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் மாறியிருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிகிறது, சொல்வதில்தான் சுணக்கம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை நிலவில் இறங்க முயன்ற சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரமின் சிக்னலை நெதர்லாந்தின் டுவிங்கலோ ரேடியோ தொலைநோக்கியும் கேட்டது. சிக்னல் அறுந்த இடம், அங்கே பதிவான அலைவெண் வரைபடத்தில் அன்றே வெளிவந்தது. இங்கே ‘தொடர்பு துண்டிப்பு’ என்றார்கள். ‘ஹார்டு லேண்டிங்’ என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் சொன்னது நவம்பரில். அதுவும் மோதலுக்கு இடப்பட்ட நாகரிகப் பெயர்தான்.

எல்லாமே உள்நாட்டு நிலையங்களா? இல்லை. பைலாலுவுக்கு நிலா மறையும் நேரங்கள் உண்டு. சந்திரயான்-3க்கு பிரெஞ்சு கயானாவின் கூரூ, இங்கிலாந்தின் கூன்ஹில்லி, நாசாவின் ஆன்டெனாக்கள் எல்லாம் கைகொடுத்தன.

மழை தடுக்குமா? எஸ் பேண்டை அவ்வளவாக இல்லை. அதைவிட அலைவெண் கூடிய கா பேண்டை நன்றாகவே.

வீட்டு டிடிஎச் டிஷ் ஏன் திரும்புவதில்லை? அதன் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது.

வீட்டிலிருந்து நாமும் கேட்கலாமா? சர்வதேச விண்வெளி நிலையம் ஹாம் அலைவரிசையில் பேசும்போது, 145.800 மெகாஹெர்ட்ஸில் சாதாரண ஹாம் ரிசீவரிலேயே கேட்கும். பதில் பேசத்தான் உரிமம் வேண்டும்.