மீண்டும் மீண்டும் தொடங்கும் கணிப்பொறி

வீட்டுக் கணிப்பொறியில் நேரும் கோளாறுகளுள் உரியவரைப் பெரிதும் திகைக்கச் செய்வது ஒன்று உண்டு. விசையை அழுத்துகிறோம், விசிறி சுழல்கின்றது, தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றுகின்றது, உடனே திரை இருண்டு, யந்திரம் தானாகவே முதலிலிருந்து தொடங்குகின்றது. பத்து முறை முயன்றாலும் இதே நிலைதான். இத்தகைய யந்திரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தால், உள்ளே இருப்பதை அழித்து விண்டோஸைப் புதிதாகப் பதித்துத் தருவது பலவிடங்களில் வழக்கமாக உள்ளது. கோளாறு மின்வழங்கியில் இருக்குமாயின் இதனால் எள்ளளவும் பயனில்லை. ஆனால், ஆசிரியரின் மதிப்பெண் பட்டியல்களும், கள ஊழியர் பல பருவங்களாகச் சேர்த்த மழையளவுக் குறிப்புகளும் அழிந்தொழிகின்றன. ஆகவே கோளாறு எங்குள்ளது என்பதை அறிந்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

இதற்கு யந்திரம் தொடங்கும் முறையை ஓரளவு அறிந்திருத்தல் அவசியம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை, எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக மாற்றுகின்றது. இவை நிலைபெற்றதும் அப்பெட்டி மதர்போர்டுக்கு ஒரு சைகை அனுப்பும். அச்சைகை கிடைத்த பின்னரே பிராசசர் வேலையைத் தொடங்குகின்றது. சைகை நடுவில் நின்றால் யந்திரமும் நின்றுவிடும், அல்லது மறுபடி தொடங்கும். அடுத்து, பயாஸ் என்னும் நிலைநிரல் நினைவகத்தையும் பிற உறுப்புக்களையும் சோதித்துவிட்டு, ஆட்சியை விண்டோஸிடம் ஒப்படைக்கின்றது. அதன் பின்னரே டிரைவர்கள் எனப்படும் துணை நிரல்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன.

எனவே முதற் சோதனை மிக எளியது. விசையை அழுத்தியவுடன் டெல் அல்லது எஃப் 2 விரற்கட்டையைத் தட்டி (தயாரிப்பாளருக்கேற்ப இது மாறும்) பயாஸ் அமைப்புத் திரைக்குச் சென்று, அங்கேயே கால் மணி நேரம் யந்திரத்தை விட்டுவைக்க வேண்டும். அத்திரையில் விண்டோஸ் இன்னும் ஏறவில்லை. அங்கும் யந்திரம் விழுந்து எழுமாயின் விண்டோஸின்மீது குற்றமில்லை; வன்பொருளையே ஐயுறல் வேண்டும். அங்கு அசையாது நின்று, விண்டோஸ் ஏறும்போது மட்டும் விழுமாயின் மென்பொருளின்மீதோ ஹார்ட் டிஸ்கின்மீதோ ஐயம் செல்லும். ஆயினும் பயாஸ் திரையில் யந்திரத்தின் வேலைப் பளு குறைவு. நலிந்த மின்வழங்கி அங்கே தாக்குப்பிடித்துப் பின்னர்த் தளர்தலும் உண்டு என்பதை மறத்தலாகாது.

வன்பொருள்மீது ஐயம் எழுந்தால் எளியவற்றிலிருந்து தொடங்குதல் நலம். பெட்டியின் முகப்பிலுள்ள விசை தூசியால் உள்ளே சிக்கிக்கொண்டாலும் யந்திரம் இவ்வாறே நடந்துகொள்ளும். பலர் இதனை எண்ணிப் பார்ப்பதேயில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தை வெளியேற்றிய பின், ராம் பலகைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற விளிம்பை மென்மையான ரப்பரால் துடைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பொருத்திச் சோதிக்கலாம். பிராசசர்மீதுள்ள ஹீட் சிங்கில் தூசி அடைத்திருத்தலும், அதன் விசிறி சுழலாதிருத்தலும் வெப்பத்தை மிகுவிக்கும். மதர்போர்டிலுள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அதுவும் ஒரு சான்றாகும். 12 வோல்ட் கம்பியில் அழுத்தம் 11.4க்கும் 12.6க்கும் இடையே நிற்றல் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்து மல்டிமீட்டரே இதனை அளக்கப் போதும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. 230 வோல்ட்டின் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் அதனைத் தேக்கி வைத்திருக்கும். ஐயமிருப்பின் நல்லதொரு பெட்டியை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே தக்கது.

மென்பொருட் கோளாறாயின், மறுதொடக்கம் நோயன்று. நோயின் குறி மட்டுமே. பெருங்கோளாறு நேர்ந்ததும் தானே மறுபடி தொடங்குமாறு விண்டோஸ் அமைக்கப்பட்டுள்ளது. அதனால் பிழைச் செய்தியைப் படிக்க அவகாசமே கிடைப்பதில்லை. இருமுறை தொடர்ந்து தொடங்கத் தவறினால், விண்டோஸ் 10, 11 ஆகியவை மீட்புத் திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று எண் 9ஐ அழுத்தினால் தானியங்கி மறுதொடக்கம் நிறுத்தப்பட்டு, பிழைச் செய்தி திரையில் நிற்கும். அதனைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எண் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட்; இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே ஏறும். அதில் யந்திரம் நின்றால், அண்மையில் சேர்த்த டிரைவரையோ நிரலையோ நீக்கிப் பார்த்தல் வேண்டும்.

இம்முறையின் பயனை உலகம் 2024 ஜூலை 19ஆம் நாள் கண்டது. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு அன்று வந்த பிழையான ஒரு கோப்பினால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்கள் செயலிழந்தன. அவற்றுட் பல தொடங்குவதும் விழுவதுமாகத் தவித்தன. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அந்நிரல் பெரும்பாலும் நிறுவனங்களில் மட்டுமே வழங்குவதாகலின் வீட்டுக் கணிப்பொறிகள் தப்பின. விண்டோஸை அழித்துப் பதிப்பது அங்குத் தேவைப்படவில்லை. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கியதும் யந்திரம் எழுந்தது. ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு யந்திரத்தின் முன்னும் ஒருவர் அமர்ந்து இதனைச் செய்ய வேண்டியிருந்தமையால் நாட்கள் பல கடந்தன.

எவ்வகைக் கோளாறாயினும், பயாஸ் திரையில் யந்திரம் நிலைத்து நின்றால், வேறெதற்கும் முன்னர்க் கோப்புக்களை மீட்டுவிடுதல் வேண்டும். சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகையொன்றை, வேறொரு கணிப்பொறியில் பென் டிரைவிற் பதித்து, அதனைக் கொண்டு யந்திரத்தைத் தொடங்கலாம். வட்டில் எதனையும் நிறுவாமலே கோப்புக்களைப் படி எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க் ‘டக், டக்’ என ஒலித்தால் பழுது நீக்கும் நிரல்களை அதன்மேல் ஓட்டவே கூடாது. சாகும் நிலையிலுள்ள வட்டை அவை இன்னும் அலைக்கழிக்கும். வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இன்றி லினக்ஸாலும் அதனைத் திறக்க இயலாது. வீட்டு யந்திரங்களில் இவ்வெண் பெரும்பாலும் உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யந்திரம் நலமாக இருக்கும்போதே அதனைக் கண்டெடுத்து, மதிப்பெண் பதிவேட்டின் கடைசிப் பக்கத்திலன்றி, பூட்டி வைக்கும் வேறொரு நோட்டில் எழுதி வைத்தல் நன்று.