சமுத்திரத்தின் அடியில் ஒரு பெண்ணின் பெயர்

ஒரு பெண்ணின் பெயர் எவ்வளவு தூரம் போகும்? பேத்திக்கு வைப்போம், மிஞ்சிப்போனால் ஒரு தெருவுக்கு வைப்பார்கள். ஆனால் டயமண்டினா என்ற பெயரைப் பாருங்கள்! நதிக்குப் போய், அங்கிருந்து போர்க்கப்பலில் ஏறி, கடைசியில் இந்து சமுத்திரத்தின் அடிக்கே போய்விட்டது.

டயமண்டினா அம்மையார் சாந்தே என்ற கிரேக்கத் தீவில் ஒரு பிரபுவின் மகளாகப் பிறந்தவர். ஆஸ்திரேலியாவில் 1859-ல் குவீன்ஸ்லாந்து தனி மாகாணமானபோது, அதன் முதல் கவர்னர் ஜார்ஜ் போவனின் மனைவியாகப் பிரிஸ்பேன் நகருக்கு வந்து இறங்கினார். அந்த மாகாணத்து நதி ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதே மாகாணத்தில், மேரிபரோ என்னும் ஊரில், ஒரு 'பிரிகேட்' கப்பல் கட்டினார்கள். நதியின் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். நீருக்குள் சத்தத்தை அனுப்பி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது இவ்வகைக் கப்பல்களின் முக்கியமான வேலை.

1945 ஏப்ரல் மாதம் 'டயமண்டினா' கடற்படையில் சேர்ந்தது. நான்கு மாதத்துக்குள் யுத்தமே முடிந்துவிட்டது! நவ்ரு தீவிலும் ஓஷன் தீவிலும் இருந்த ஜப்பானியப் படைகள் சரணடைந்த பத்திரங்கள் இந்தக் கப்பலின் மேல்தான் கையெழுத்தாயின. 1946-ல் கப்பலை ஓய்வில் வைத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் சும்மா கிடந்தது.

1959-ல் அதற்கு இரண்டாவது உத்தியோகம் கிடைத்தது. கடலை ஆராயவேண்டும்! இதற்கும் எதிரொலிதான் துணை. கடல் நீரில் சத்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஏழு கிலோமீட்டர் ஆழமுள்ள இடத்தில் சத்தம் கீழே போய்த் திரும்ப ஒன்பது விநாடிக்கு மேல் ஆகும். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அந்த ஆழம் உங்களுக்கே புரியும். 1960-ல், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அப்பால், அப்படிப்பட்ட பெரும் பள்ளம் ஒன்றை இந்தக் கப்பல் அளந்தது. பள்ளத்துக்கும் 'டயமண்டினா' என்றே பெயர் வந்தது.

"கடலடிப் பள்ளத்தைத் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறீர்களா?

2014 மார்ச் 8-ஆம் தேதி, கோலாலம்பூரிலிருந்து 239 பேருடன் புறப்பட்ட மலேசிய விமானம் மறைந்துபோயிற்று. தேடல் கடைசியில் இந்தப் பள்ளம் இருக்கும் கடற்பகுதிக்கே வந்தது. ஆனால் அங்கே கடலடிக்குச் சரியான படமே இல்லை. பழைய கப்பல்கள் போன வழிகளில் மட்டும் அளவுகள் இருந்தன. மற்ற இடங்களில் தோராயமான உருவம்தான். ஆகையால் முதலில் படம் வரைந்து, பிறகு தேடவேண்டியதாயிற்று. 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடி, 2017 ஜனவரியில் அந்த முயற்சியை நிறுத்தினார்கள். விமானம் அகப்படவில்லை. உறவினரை எதிர்பார்த்துக் காத்திருந்த குடும்பங்களுக்குக் கடலின் ஆழம் வெறும் பூகோளப் பாடமா, என்ன?

'டயமண்டினா' 1980-ல் ஓய்வு பெற்றது. உடைக்கும் இடத்துக்கு அனுப்பாமல், அம்மையார் வந்து இறங்கிய அதே பிரிஸ்பேன் நகரில் காட்சிக்கு வைத்தார்கள்.

இனி உங்கள் குழந்தை பூகோளப் படத்தை விரிக்கும்போது, நீல நிறத்தில் ஆழத்தைக் குறிக்கும் எண்களையும் காட்டுங்கள். எங்கோ நடுக்கடலில், ஒரு கப்பலில், யாரோ எதிரொலிக்குக் காத்திருந்து சேர்த்துக் கொடுத்த கணக்கு அது.