காணும் கண்ணும் காணாக் கண்ணும்

கிரேக்க நாடக ஆசிரியரான சோபோக்ளிஸ், பொ.ஆ.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்தவர். அவர் எழுதியவற்றுள் இன்று முழுமையாகக் கிடைப்பவை 7 நாடகங்களே. அவற்றுள் ஒன்றான 'ஈடிபஸ் மன்னன்' என்னும் துன்பியல் நாடகத்தை, கதைப்பின்னலின் சிறப்புக்குச் சான்றாக அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலில் எடுத்துக்காட்டுகிறார்.

தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகிறது. முந்தைய மன்னன் லேயஸைக் கொன்றவன் நாட்டினுள் இருப்பதே அதற்குக் காரணம் என்கிறது டெல்பியின் அருள்வாக்கு. கொலையாளியைச் சபிக்கும் ஈடிபஸ், லேயஸைத் தன் தந்தையாகவே எண்ணிப் போராடப் போவதாகச் சூளுரைக்கிறான். லேயஸ் உண்மையிலேயே அவனுடைய தந்தை, கொன்றவனும் அவனே, அவன் மணந்திருக்கும் அரசி ஜொகாஸ்டா அவனைப் பெற்ற தாய். இவற்றை அவன் அறியான். பழங்கதையை முன்பே கேட்டிருந்த ஏதென்ஸ் மக்கள் அறிவர். அரங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குக் 'காணுமிடம்' என்பதே பொருள். அங்கு அமர்ந்திருப்போர் அனைவரும் காண்பதை, மேடையில் நிற்கும் அவன் ஒருவன் மட்டும் காணவில்லை.

இம்முரண், டைரீசியஸ் வரும் காட்சியில் கூர்மை பெறுகிறது. சிறுவன் ஒருவன் கைப்பிடித்து அழைத்துவர, பார்வையற்ற அம்முதிய தீர்க்கதரிசி அவைக்கு வருகிறார். உண்மையைச் சொல்ல அவருக்கு மனமில்லை. சினந்த மன்னன் அவருடைய பார்வையின்மையையே இகழ்கிறான். ஸ்பிங்ஸின் புதிரை விடுவித்தவன் தானே என்றும் செருக்குறுகிறான். காலையில் நான்கு, நண்பகலில் இரண்டு, மாலையில் மூன்று கால்களால் நடப்பது எது என்பது அப்புதிர். 'மனிதன்' என்று விடை சொன்னவனுக்குத் தான் எந்த மனிதன் என்பது தெரியவில்லை. கண்ணிருந்தும் தான் யாருடன் வாழ்கிறோம் என்பதைக் காணாதவன் நீ என்கிறார் டைரீசியஸ். கோலால் தடவி வழி தேடும் நாள் வரும் என்றும் முன்னுரைக்கிறார்.

கண்ணுள்ளபோது குருடன், கண்ணிழந்தபின் தெளிந்தவன் என்று இந்நாடகத்தைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது முழுதும் பொருந்தாது. உண்மையைக் காண மறுத்தவன் அல்லன் ஈடிபஸ். இவ்விசாரணையை நிறுத்துமாறு ஜொகாஸ்டா மன்றாடுகிறாள், அவன் நிறுத்தவில்லை. கொரிந்திலிருந்து வந்த தூதனையும் முதிய இடையனையும் வினவி, தன் பிறப்பைத் தானே வெளிக்கொணர்கிறான். கண்கள் இருக்கும்போதே அவன் உண்மையைக் கண்டுவிட்டான். கண்டபின்னரே கண்களை அழித்துக்கொண்டான். கிரேக்க மொழியில் 'அறிவேன்' என்னும் வினைச்சொல், காணுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது, கண்டதே அறிந்தது. அவ்வினையின் ஒலி ஈடிபஸின் பெயரிலும் கேட்கிறது.

தூக்கிட்டு மாய்ந்த ஜொகாஸ்டாவின் ஆடையிலிருந்த ஊசிகளை உருவித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். கொடுமை மேடையில் நிகழ்வதில்லை. பணியாளன் ஒருவன் வந்து உரைக்கிறான். அதையும் பார்வையாளர் காதால்தான் காண வேண்டியிருக்கிறது. இறந்திருக்கலாமே என்கிறது குழுவினர் குரல். மறுமையில் தாய் தந்தையரை எந்தக் கண்களால் நோக்குவேன் என்று அவன் கேட்கிறான். துன்பத்தைத் தந்தவன் அப்பல்லோ, குத்தியதோ என் கை என்றும் சொல்கிறான். ஊழையும் தன் செயலையும் அவன் பிரித்தறியும் இவ்விடம் நாடகத்தின் உச்சம் எனலாம்.

முதுமையில் சோபோக்ளிஸ் இவன் கதைக்கு மீண்டும் திரும்பினார். அவர் மறைவுக்குப்பின், பொ.ஆ.மு. 401இல் அவருடைய பேரன் அரங்கேற்றிய 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகத்தில், முதியவனான அவனை மகள் ஆன்டிகனி கைப்பிடித்து அழைத்து வருகிறாள். இறுதிவேளை நெருங்கும்போது அவன் அக்கையை விட்டுவிடுகிறான். யார் துணையும் இன்றி, கண்ணுடையோர் பின்தொடர, தான் மறைய வேண்டிய இடத்துக்கு அவனே முன்னே நடக்கிறான்.